சொல்லிக்கொண்டு போங்கள், ஆசிரியரே

செப்டம்பர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். அன்று பள்ளி விடுமுறை என்பதால் கொண்டாட்டமெல்லாம் முந்தின நாள் வியாழக்கிழமையே நடந்துவிடும். அந்த வியாழக்கிழமை, பள்ளி சீக்கிரம் விட்ட பிறகு, பொங்கோலின் இலகு ரயிலில் ஏறிப் பாருங்கள். பெட்டி முழுக்க உயர்நிலைப் பள்ளிச் சீருடைகளாக இருக்கும். கையில் வாழ்த்து அட்டை, சாக்லெட் பெட்டி, சிலரிடம் ஒற்றை ரோஜாப்பூ. எல்லாரும் தாங்கள் படித்த தொடக்கப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நீங்களும் அப்படிப் போயிருப்பீர்கள்.

பள்ளி வாசலில் பாதுகாவலர் பெயரை எழுதச் சொல்வார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். வகுப்பாசிரியர் பெயரைச் சொன்னவர்கள் பெரும்பாலும் உள்ளே போய்விடுவார்கள். தமிழாசிரியர் பெயரைச் சொன்ன ஒருவர் இருவர் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். “அவர் இப்போ இங்க இல்லையே” என்று பதில் வந்திருக்கும். எப்போது போனார், எங்கே போனார் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. வகுப்பாசிரியரும் மாறிப்போவது உண்டுதான். ஆனால் அவர் போனது அந்த வகுப்புக்குத் தெரிந்திருக்கும். தமிழாசிரியர் போனது பல நேரங்களில் யாருக்கும் தெரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வியாழக்கிழமை நானும் அந்த வாசலில் நின்றேன். பழைய மாணவியாக இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போன ஆசிரியையாக.

தொடக்கக் கல்லூரி முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்பு கிடைத்த மாதங்களில், பொங்கோலில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தேன். ‘ரிலீஃப் டீச்சர்’ என்போமே, அந்த வேலை. அங்கிருந்த தமிழாசிரியை மகப்பேற்று விடுப்பில் போயிருந்தார். 16 வார விடுப்பு. அந்த 16 வாரமும், நடுவில் வந்த ஜூன் விடுமுறை போக, அவருடைய தொடக்கநிலை இரண்டு மாணவர்கள் என் பொறுப்பில் இருந்தார்கள். மொத்தம் 17 பேர், ஐந்து வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வருபவர்கள்.

இந்த ‘ஐந்து வெவ்வேறு வகுப்புகள்’ என்பதுதான் விஷயமே. நம் பள்ளிகளில் தாய்மொழி நேரம் வந்ததும் வகுப்பு கலையும். சீன மாணவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மூன்று பேர், நான்கு பேராகத் தமிழ்ப் பிள்ளைகள் பென்சில் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு நடைவழியில் கிளம்புவார்கள். தமிழ் வகுப்பு நடக்கும் அறை இன்னொரு வகுப்புக்குச் சொந்தமானது. சுவரில் ஒட்டியிருப்பது அந்த வகுப்பின் படங்கள். பிறந்தநாள் பட்டியலில் இருப்பதும் அந்த வகுப்பின் பெயர்கள்தாம். ஒரு மணி நேரம் அங்கே குடியிருந்துவிட்டு மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆண்டுக் கடைசி நாளில் வகுப்பாசிரியர் பிரியாவிடை விருந்து வைப்பார், குழுப்படம் எடுப்பார். தமிழ் வகுப்புக்கு அந்த நாளில் பாடவேளையே இருக்காது. ஆகவே அந்த 17 பேரும் ஒரு கூட்டமாக யாரிடமும் விடைபெறுவதில்லை. யாரும் வேண்டுமென்று செய்த தவறு இல்லை இது. கால அட்டவணையில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலையில் என் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். “சொன்னா அழுவாங்க, அடுத்த பாடத்துக்குப் போக மாட்டாங்க, அந்த டீச்சர்தான் கஷ்டப்படணும்” என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னார். திங்கட்கிழமை அவர்களுடைய சொந்த ஆசிரியை வந்துவிடுவார், சந்தோஷத்தில் என்னை மறந்துவிடுவார்கள் என்றும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அழப்போவது அவர்களா நானா என்ற சந்தேகமும் இருந்தது. பாடம் முடிந்தது. வரிசையில் நிற்கவைத்தேன். தினமும் சொல்வதுபோல “சரி, போயிட்டு வரேன்” என்றேன். “போயிட்டு வாங்க டீச்சர்” என்று 17 குரல்களும் தினமும் சொல்வதுபோலவே சொல்லின. அந்த ஒரு வழக்கத்தை நான்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தேன். ‘பாய்’ சொல்லாமல் தமிழில் விடைபெற வேண்டும் என்று.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வாட்டர்வே பாயிண்ட் கடைத்தொகுதியில் அவர்களில் ஒருவனைப் பார்த்தேன். பாட்டியுடன் வந்திருந்தான். வகுப்பில் வாய் ஓயாத பையன், என்னைப் பார்த்ததும் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டிதான் பேசினார்.

“உங்களைப் பத்தித்தாம்மா ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருந்தான். டீச்சருக்கு உடம்பு சரியில்லையான்னு. எனக்கு என்ன தெரியும்? அவங்கம்மா குரூப்ல கேட்டுப் பார்த்தா. யாருக்கும் தெரியலை.”

பின்னாலிருந்து அவன் எட்டிப் பார்த்தான். “டீச்சர், நீங்க சிக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப ஏன் வரலை? போயிட்டு வரேன்னு சொன்னீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. பல்கலைக்கழகம், படிப்பு என்று ஏதோ சொன்னேன். பாட்டி நிலைமையைப் புரிந்துகொண்டு பேச்சை மாற்றினார். போகும்போது மட்டும் சொன்னார், “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு டப்பா முறுக்காவது சுட்டுக் குடுத்திருப்பேன். அவன் வீட்ல தமிழ் பேச ஆரம்பிச்சதே உங்க வகுப்புக்கு வந்த பிறகுதான்.” அது உண்மையாக இருக்க முடியாது. அந்தப் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைக்கு நான் வருவதற்கு முன்பே தமிழ் வந்திருக்கும். இருந்தாலும் அவர் அதைச் சொல்ல விரும்பினார். அதைச் சொல்லும் வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் அன்று இரவு முழுக்க உறுத்தியது.

நம் மொழியில் ‘போகிறேன்’ என்று சொல்லி வாசலைத் தாண்டக்கூடாது. ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். வெறுமனே ‘போறேன்’ என்று கிளம்பினால் வீட்டில் பெரியவர்கள் நிறுத்தி, மாற்றிச் சொல்ல வைப்பார்கள். அழகான வழக்கம். ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். திரும்பி வரப்போகிறவரும் வரப்போகாதவரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போகலாம். பெரியவர்களுக்கு வேறுபாடு புரியும். எட்டு வயதுப் பிள்ளை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை கதவைப் பார்க்கும்.

சிறு பிள்ளைகளுக்கு விளக்கம் கிடைக்காத இடத்தில் அவர்களே ஒரு விளக்கத்தைச் செய்துகொள்வார்கள். அந்த விளக்கத்தில் பெரும்பாலும் அவர்கள்தாம் குற்றவாளிகள். பெற்றோர் பிரிந்தாலும், வீட்டில் ஒருவர் இறந்தாலும், ‘நான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம்’ என்று அந்த வயதில் நினைப்பது உண்டு எனக் குழந்தை வளர்ச்சியைப் படித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஓர் ஆசிரியர் போவது அந்த அளவுக்குப் பெரிய இழப்பு இல்லைதான். ஆனால் அவர்கள் கணக்குப் போடும் முறை அதேதான். அழுவார்கள் என்பதற்காகச் சொல்லாமல் விடுகிறோம். சொல்லாவிட்டால் அழாமல் இருப்பார்கள் என்பது நம் கற்பனை. நம் முன்னால் அழ மாட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

சொல்லாமல் போவதற்கு நியாயமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நிரந்தர ஆசிரியர்களின் நிலைமை என்னுடையதைவிடச் சிக்கலானது. இடமாற்றம் ஆண்டின் பிற்பகுதியில்தான் உறுதியாகும். உறுதியாகும் முன் சொன்னால் பெற்றோர் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். தொடக்கநிலை ஆறு மாணவர்களுக்கு அது தேர்வுக் காலம், அப்போது போய் மனத்தைக் கலைக்கக்கூடாது. சிலர் உடல்நிலை காரணமாகப் போவார்கள், சிலர் வீட்டில் முதியவரைக் கவனிக்கப் போவார்கள். காரணத்தை ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இவை அத்தனையும் சரி. ஆனால் காரணம் சொல்வது வேறு, விடைபெறுவது வேறு. ‘அடுத்த வாரத்திலிருந்து நான் இந்தப் பள்ளியில் இருக்க மாட்டேன், உங்களுக்குப் புதிய ஆசிரியர் வருவார், நீங்கள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை’ என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். என்னிடம் அந்த ஒரு நிமிடம் இருந்தது.

ஆசிரியர் பிரிவு என்றதும் நம் நினைவுக்கு வருவது 2018 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் நடந்ததுதான். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் வெளியகரம் என்ற ஊர். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு அப்போது வயது 28. பணி நிரவல் என்ற பெயரில் அவரைத் திருத்தணி பக்கம் அருங்குளத்துக்கு மாற்றினார்கள். கிளம்ப வந்தவரை மாணவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவரும் அழுதார். பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாற்றத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். அந்தப் படங்களும் காணொளியும் உலகம் முழுக்கப் போயின. ஏ.ஆர். ரகுமான்கூட அதைப் பகிர்ந்தார்.

அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு ‘சிங்கப்பூரில் இப்படி யாராவது அழுவார்களா’ என்று கேட்டவர்கள் உண்டு. அது சரியான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். வெளியகரத்தில் நடந்தது விடைபெறுதல் அன்று, தடுத்து நிறுத்தல். நம் ஊரில் ஒரு பள்ளிக் கதவை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. அந்த ஊரில் ஆசிரியர் போகிறார் என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர்கள் வந்து நிற்க முடிந்தது. ‘நீங்கள் எங்களுக்கு முக்கியம்’ என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்தது. நம்மிடம் செயலி இருக்கிறது, பெற்றோர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை நேரம் குறித்து நடக்கும் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு இருக்கிறது. இத்தனை இருந்தும் அந்தப் பாட்டிக்குத் தெரியவில்லை.

அழுகையும் மறியலும் இல்லாமல் இதை முறையாகச் செய்கிற நாடு ஒன்று உண்டு. ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவார்கள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் மாற்றங்கள் வசந்தகாலத்தில் வரும். அப்போது பள்ளிகளில் ‘ரினின்ஷிகி’ என்ற பிரியாவிடைச் சடங்கு நடக்கும். போகும் ஆசிரியர்கள் மேடையேறி ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பிள்ளைகள் பூங்கொத்து கொடுப்பார்கள். அந்த ஆண்டு படிப்பை முடித்துவிட்டுப் போன மாணவர்களும் அதற்காகத் திரும்பி வருவது உண்டு. ஆசிரியர் மாறுவதை அவர்கள் மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை. அதற்கும் நாள்காட்டியில் ஒரு நாள் ஒதுக்கிவிட்டார்கள்.

இலக்கியத்தில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு காட்சி இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தொதே எழுதிய ‘கடைசி வகுப்பு’. 1873-ல் அவருடைய கதைத் தொகுப்பில் வந்தது. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் படித்தவர்கள் இங்கேயும் நிறைய பேர் இருப்பார்கள். போரில் தோற்ற பிரான்ஸ் அல்சாஸ் பகுதியை இழந்துவிட்டது. இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டுமே என்று உத்தரவு. நாற்பது ஆண்டுகள் கற்பித்த ஹாமெல் என்ற ஆசிரியர் நல்ல உடை உடுத்திக்கொண்டு சிறுவர்களுக்குக் கடைசிப் பாடம் எடுக்கிறார். கதையில் என்னை நிறுத்தியது பின் பெஞ்சுகள்தான். எப்போதும் காலியாகக் கிடக்கும் அந்த பெஞ்சுகளில் அன்று ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய மேயர், பழைய தபால்காரர். இன்னொன்று, ஹாமெல் தன் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறார். மீன் பிடிக்கப் போக ஆசைப்பட்டு உங்களுக்கு விடுமுறை விட்டவன்தானே நான் என்கிறார். அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் வகைப் பேச்சுமொழி என்பதைக் கதை சொல்லாமல் தாண்டிப்போகிறது. அது வேறு சண்டை, இங்கே வேண்டாம். ஒரு மொழியாசிரியர் விடைபெறும்போது குடும்பங்களும் அறைக்குள் இருக்க வேண்டும் என்று தொதேவுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

ஏன் குறிப்பாகத் தமிழாசிரியரைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தன. கணக்கு சொல்லிக்கொடுத்தவரும் வரலாறு சொல்லிக்கொடுத்தவரும் தமிழிலேயே பேசினார்கள். ஒருவர் போனாலும் தமிழ் பேசும் இன்னொருவர் பக்கத்து அறையில் இருந்தார். 1946-ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-ல் மூடப்பட்டதோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று தமிழ் நமக்கு ஒரு பாடம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பொங்கோலில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையைச் சுற்றித் தமிழ் இல்லாமல் இல்லை. கிழக்கு வட்டத்தில் ‘கடலூர்’ என்று ஓர் இலகு ரயில் நிலையம்கூட இருக்கிறது. ஆனால் குடும்பத்துக்கு வெளியே, அந்தப் பிள்ளை சொல்வதைத் தினமும் தமிழில் உட்கார்ந்து கேட்கும் பெரியவர் எத்தனை பேர்? பல பிள்ளைகளுக்கு அது ஒரே ஒருவர். அவர் சொல்லாமல் மறைந்துபோனால், தமிழ் என்பது வந்து போகிற ஒன்று, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. எந்தப் பாடநூலும் அதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் பள்ளி முதல்வர்களுக்குக் கல்வி அமைச்சு நியமன, பாராட்டு விழா நடத்துகிறது. புதியவர்களை வரவேற்கிறார்கள், ஓய்வுபெறுபவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள். மாணவர்கள் முன்மொழியும் நல்லாசிரியர் விருது 2002 முதல் தமிழாசிரியர்களுக்கு வழங்கப்பட்டு வருகிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் தொடக்கநிலை இரண்டில் தமிழ் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மேடையும் கேடயமும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அதற்குத் தேவை அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கலாம்? ஆசிரியர் போவது உறுதியான பிறகு, கடைசித் தமிழ் வகுப்புக்குப் பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ அழைக்கலாம். எல்லாரும் வர மாட்டார்கள், வேலை இருக்கும். நான்கு பேர் வந்தாலும் பின் வரிசையில் நாற்காலி போடலாம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும், பொதுவாக ‘நல்ல பையன்’ என்று இல்லாமல் அந்தப் பிள்ளை செய்த ஏதாவது ஒன்றை. பிள்ளைகள் தமிழில் ஒன்று சொல்லட்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும். அடுத்து வரப்போகும் ஆசிரியர் யார் என்று தெரிந்தால் அவரும் வந்து நிற்கலாம். விலையுயர்ந்த அன்பளிப்பு எதுவும் வேண்டாம், அரசாங்க ஊழியர்கள் வாங்கவும் முடியாது. வீட்டில் சுட்ட முறுக்குக்கு யாரும் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்ட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இது தொலைவில் உள்ள விஷயம் இல்லை. தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்ததும், அல்லது தேசிய சேவைக்கு முன்போ பின்போ, கைச்செலவுக்காக மாற்று ஆசிரியராகப் போவீர்கள். நாள் சம்பளம், தற்காலிக வேலை என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். நானும் அப்படித்தான் போனேன். உங்களுக்குத்தான் அது தற்காலிகம். எட்டு வயதில் 16 வாரம் என்பது நீண்ட காலம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே உங்களுடைய கடைசி நாள் உங்களுக்குத் தெரிந்துவிடும். நிரந்தர ஆசிரியருக்கு இல்லாத வசதி அது. முதல் வாரத்திலேயே நாள்காட்டியைக் காட்டி, ‘இந்த நாள் வரைக்கும் நான் இருப்பேன்’ என்று சொல்லிவிடலாம்.

தம்பி தங்கை தொடக்கப்பள்ளியில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீடுகளில் பள்ளியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பாட்டிக்குச் சொல்வது பெரும்பாலும் நாம்தான். தமிழாசிரியர் இந்த ஆண்டு இறுதிவரை இருக்கிறாரா என்று நவம்பருக்கு முன்னால் ஒரு தடவை கேளுங்கள். போகிறார் என்று தெரிந்தால் தம்பியை உட்காரவைத்து நான்கு வரி எழுத வையுங்கள். நீங்களும் எழுதுங்கள். உயர்நிலை மூன்றில் இருந்துகொண்டு பழைய பள்ளியின் வாசலில் அட்டையோடு நிற்பதைவிட, அவர் அங்கே இருக்கும்போதே கொடுப்பது எளிது.

நான் வாசலில் நின்ற கதைக்கு வருகிறேன். பாட்டியைப் பார்த்த பிறகு, விடுப்பு முடிந்து திரும்பியிருந்த தமிழாசிரியைக்கு எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆசிரியர் தினத்துக்கு முந்தின நாள், கலைநிகழ்ச்சி முடிந்ததும் இருபது நிமிடம் பிள்ளைகளை நூலகத்தில் உட்காரவைக்கிறேன், வந்துவிட்டுப் போ என்று பதில் வந்தது. பாதுகாவலர் என் பெயரை எழுதிக்கொண்டு வருகையாளர் அட்டை கொடுத்தார். எனக்கு முன்னால் நின்ற உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியிடம், அவள் தேடி வந்தவர் இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நூலகத்தில் 17 பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஜூலையில் அந்த வெள்ளிக்கிழமையே நான் போவது எனக்குத் தெரியும், உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

“நாங்க ரொம்பச் சத்தம் போட்டோம்ல, அதனாலயா டீச்சர்?”

இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று பார்த்தேன். நம்பியதுபோலத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் ஐந்தாறு வாரம் போயிருந்தது. பிறகு அவர்களுடைய ஆசிரியை கைப்பேசியில் எங்களைப் படம் எடுத்தார். அந்த 17 பேரும் சேர்ந்து இருக்கும் படம் என்னிடம் அது ஒன்றுதான்.

பாட்டியோடு பார்த்த பையன் கடைசியாக வந்தான். நான் இப்போது எங்கே படிக்கிறேன், அங்கே எப்படிப் போவேன் என்று கேட்டான். நன்யாங் பல்கலைக்கழகம் என்றேன். பொங்கோலில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறி, பூன் லேயில் இறங்கி, அங்கிருந்து 179-ஆம் எண் பேருந்து என்று விளக்கினேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

“ரொம்பத் தூரம்” என்றான். “அப்ப நீங்க இனிமே வரமாட்டீங்க.”

“ஆமா. இனிமே வகுப்புக்கு வரமாட்டேன்.”

“சரி” என்று சொல்லிவிட்டு, பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.